காவைச் சுத்தம் செய்யலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலை ஒட்டி 70 சென்ட் காவு (சாமிக்கு விட்ட கோயில்காடு) இருக்கிறது. உள்ளே புதர் மண்டிக் கிடக்கிறது. ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து, ஜூலையில் வன மகோத்சவத்துக்கு 200 கன்று நடலாம் என்கிறார்கள் கமிட்டியார். சரியா?
– வாசகர், வடகரப்பதி

பதில்: ஜேசிபி வேண்டாம். 200 கன்றும் வேண்டாம்.

70 சென்ட் என்பது சுமார் 30,500 சதுர அடி. 200 கன்று நட்டால் பன்னிரண்டு அடிக்கு ஒன்று வரும். வெற்று நிலத்துக்கே அது நெருக்கம்; பெரிய மரங்கள் நிற்கிற காவில் எங்கே இடம்?

கமிட்டியாரை ஒருநாள் காலையில் உள்ளே கூட்டிப்போய், குத்தவைத்துச் சருகை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வேம்பு, உசில், வெப்பாலை, புங்கன் என்று சாண் உயரம், முழ உயரத்தில் தானாக முளைத்தவை நிற்கும். இவற்றின் ஆணிவேர் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது. பையில் சுருண்ட வேரோடு வரும் நர்சரிக் கன்று அந்த ஆழத்தைப் பிடிப்பதற்குள் ஒரு கோடை வந்துவிடும். முளைத்து நிற்பதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். வெட்டுப்பட்ட பழைய தூரில் ஏழெட்டுத் துளிர் வந்திருந்தால், திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கூர்மையான கத்தியால் அடியோடு எடுங்கள். ஜேசிபி வந்தால் இது எல்லாமே ஒரு மணி நேரத்தில் போய்விடும், மண்ணும் இறுகிவிடும்.

அடுத்தது, நடும் மாதம். கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது 1950இல் தொடங்கிய வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) நன்றாகப் பெய்கிற ஊருக்கு அது பொருத்தம். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் அந்த மாதங்களில் மழையைவிடப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் அதிகம். புதுக் கன்றின் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். உண்மையிலேயே வெட்டவெளியாகக் கிடக்கிற இடத்தில் மட்டும், துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) பிடித்த பிறகு, அக்டோபர் பின்பாதியில் நடுங்கள். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அவ்வளவே. பையைக் கிழித்து எடுத்து, அடியில் சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நட வேண்டும். கரிசல் என்றால் கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்கு கட்டாயம்; கோடையில் மண் வெடிக்கும்போது வேரும் சேர்ந்து அறுந்துபோகும்.

சருகைக் கூட்டித் தீ வைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். நடைபாதையும் பீடமும் மட்டும் பெருக்கினால் போதும்.

கேள்வி: உண்ணிச்செடியை வருடா வருடம் வெட்டுகிறோம். முன்னைவிடத் தழைத்து வருகிறதே?
– வாசகி, அகளி

பதில்: தரைக்கு மேலே வெட்டுகிறீர்கள், அதுதான் காரணம். கொங்கிணி என்று மலையாளத்தில் சொல்லும் இந்தச் செடிக்குத் துளிர்க்கும் இடம் தண்டும் வேரும் சேர்கிற தூர்ப்பகுதி. மேலே வெட்டினால் ஒரு தண்டுக்குப் பதில் ஐந்தாறு வரும்.

முதலில் கொடுவாளால் கிளைகளைக் கழித்துத் தூருக்கு வழி செய்யுங்கள். தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஆணிவேரைக் கொத்தால் ஒரே வெட்டாக வெட்டி எடுங்கள். எடுத்த தூரை வேர் வானம் பார்க்கத் தலைகீழாக வைக்க வேண்டும். மண்ணில் பட்டபடி கிடந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். காய் கறுத்துப் பழுப்பதற்கு முன்பே வேலை முடிய வேண்டும். பழுத்தால் கொண்டைக்குருவிகள் விதையை ஊரெல்லாம் கொண்டுபோகும்.

ஒரே மூச்சில் முழுவதையும் எடுக்காதீர்கள். வெறும் மண்ணில் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடியோ பார்த்தீனியமோ அடுத்த மழைக்கே ஏறிவிடும். நாட்டு மரங்கள் நன்றாக நிற்கிற ஓரத்தில் தொடங்கி, புதர் அடர்ந்த பக்கமாகச் சிறிது சிறிதாக நகருங்கள். மண்ணில் விதை கிடக்கும், ஆகவே மூன்று வருடமாவது ஒவ்வொரு முதல் மழைக்குப் பிறகும் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். பலர் முதல் வருடத்தோடு விட்டுவிடுவதால்தான் "இந்த முறை பலிக்கவில்லை" என்று எழுதுகிறார்கள்.

கேள்வி: வரப்போரம் பனங்கொட்டை போட்டு ஆறு மாதமாகிறது. ஒன்றும் முளைக்கவில்லை. கொட்டை சரியில்லையா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தோண்டிப் பார்க்காதீர்கள், உழுதும் விடாதீர்கள். பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். நாம் அவித்துத் தின்கிற கிழங்கு அதுதான். மேலே முதல் ஓலை தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால்தான் பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் பனை பிழைப்பது கஷ்டம். நேரடியாக அரையடிக் குழியில், பத்தடிக்கு ஒன்றாகப் போடுவதே முறை. போட்ட இடத்தில் அடையாளக் கல் வையுங்கள். ஆடு மேயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: தோட்டத்தில் வைத்த சந்தனக் கன்று இரண்டாம் வருடம் மஞ்சளாகி நின்றுவிட்டது. உரம் போடலாமா?
– வாசகி, மறையூர்

பதில்: களையெடுத்துப் பாத்தியைச் சுத்தமாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். பிழை அங்கேதான். சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உண்கிற பாதி ஒட்டுண்ணி. துணைச்செடி இல்லாமல் உரம் போட்டுப் பயனில்லை. கன்றிலிருந்து ஓர் அடி தள்ளித் துவரை விதையுங்கள். ஐந்தடி தள்ளி அகத்தி அல்லது புங்கன் வையுங்கள். துவரை உயர்ந்து நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளிவிடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது.

இன்னொன்று: சொந்த நிலத்து மரமானாலும், பட்டுப்போனதானாலும், வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லாமல் சந்தனத்தில் கத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: அரசமரத்தடியில் சிமென்ட் மேடை கட்டலாமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: கட்டத்தான் வேண்டுமென்றால் அடிமரத்தைச் சுற்றி நான்கடி மண்ணாகவே விடுங்கள். மேடையை நிரப்ப அடிமரத்தில் மண் கொட்டாதீர்கள். மண்ணுக்குள் புதைந்த பட்டை அழுகும், வேருக்கும் காற்றுப் போகாது. சேதம் வெளியே தெரிவதற்குள் சில வருடம் ஓடிவிடும்.