மேலாண்மையில் பிஎச்.டி.: கேட்டவர்களுக்குப் பதில்

கே: கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜராக இருக்கிறேன். வயது 46, சர்வீஸ் 22 வருடம். எம்.பி.ஏ. அஞ்சல் வழியில் முடித்தேன். வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய ஆசை. 'சப்ளை செயின் மேலாண்மை – கடலூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு' என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். ஒரு ஏஜென்சிக்காரர், ஒன்றரை வருடத்தில் முழுக்க ஆன்லைனிலேயே டாக்டரேட் வாங்கித் தருகிறேன் என்கிறார். மனைவியோ 'இந்த வயசுல எதுக்கு?' என்கிறார். வழி சொல்லுங்கள் அம்மா.
– வாசகர், கடலூர் முதுநகர்

ப: ஏஜென்சிக்காரரை முதலில் அனுப்பி வைத்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.யைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துக் குறைந்தது மூன்று வருடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பேரில் எட்டெக் என்னும் ஆன்லைன் கல்வி கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் கிடையாது என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக்கான கவுன்சிலான ஏஐசிடிஇயும் அதே வருடம் சேர்ந்தே எச்சரித்தன.

வேலையில் இருந்துகொண்டே பார்ட் டைமில் செய்யலாம், விதி இடம் தருகிறது. கம்பெனியிடம் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். பார்ட் டைமில் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்கு இவருக்கு நேரம் இருக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று மூன்றும் அதில் வர வேண்டும். எச்.ஆரில் கொடுக்கும் ஒற்றை வரிக் கடிதம் போதாது. எம்.பி.ஏ.வில் 55 சதவீதம் இருக்கிறதா, நீங்கள் சேர்ந்த வருடத்தில் அந்த அஞ்சல் வழிப் படிப்புக்கு அங்கீகாரம் இருந்ததா என்று இப்போதே சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் பக்கம் என்று பார்த்தால் தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், வடக்கே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். சிதம்பரம் பஸ் உங்கள் கம்பெனி வழியாகத்தான் போகிறது என்பதற்காக மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். பார்ட் டைம் இடம் உண்டா, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்களா, சொந்த நுழைவுத் தேர்வா என்று அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள்.

இனி தலைப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், 'மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு' என்று முடியும் தீசிஸ்களை அடுக்கினால் கெடிலம் ஆற்றுக்குக் குறுக்கே அணையே கட்டலாம். முந்நூறு கேள்வித்தாள், 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'சற்றும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டம், கை ஸ்கொயர் என்று ஒரு புள்ளியியல் டெஸ்ட், கடைசியில் 'நிர்வாகம் கவனம் செலுத்த வேண்டும்' என்று ஒரு பரிந்துரை. இதைச் செய்ய 22 வருட சர்வீஸ் எதற்கு?

உங்கள் சர்வீஸுக்குள்ளேயே நல்ல கேள்விகள் கிடக்கின்றன. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து ஓய்ந்ததும், உங்களுக்கு டிரம் கொடுப்பவர், லாரி விடுபவர் இவர்களில் யாரை அட்வான்ஸ் கொடுத்துத் தூக்கி நிறுத்தினீர்கள்? யாரைக் கைவிட்டீர்கள்? குறைந்த கொட்டேஷன் போட்டவர் இருக்க, பழையவருக்கே ஏன் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போனது? இப்படி ஒரு கேள்வியைப் பிடித்தால் மூன்று வருடம் அலுக்காது.

ஒரு சிக்கல் உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்குக் கேள்வி கேட்கும்போதே பதில் கையில் இருக்கும். 'நம்பிக்கைதான் மேடம், வேறென்ன?' என்று முதல் நாளே சொல்லும் மேனேஜர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டியில் அது எடுபடாது. நம்பிக்கை என்றால் எதை வைத்து அளந்தீர்கள், நம்பிக்கை இல்லாமலே ஆர்டர் தொடர்ந்த இடம் உண்டா என்று கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு. பி.ஓ.வில் கையெழுத்துப் போடும் உங்களிடம் உங்கள் சப்ளையர் உண்மையைச் சொல்வாரா? 'எல்லாம் நல்லாத்தான் சார் போகுது' என்பார். ஆகவே பேட்டி எடுப்பதென்றால் வேறு கம்பெனிகளின் சப்ளையர்களிடம் போங்கள். உங்கள் கம்பெனியைப் பற்றி ஆராய, பேட்டிக்குப் பதிலாகப் பழைய கொட்டேஷன் ஃபைல்களை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பயன்படுத்த என்.ஓ.சி. போதாது, தனியாக எழுத்து அனுமதி வேண்டும். தீசிஸ் முடிந்ததும் பிஎச்.டி. தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றாகிவிடும். உங்கள் எம்.டி.க்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

மனைவி கேட்டது சரியான கேள்வி. புரமோஷனுக்காக என்றால், பிஎச்.டி.யைப் பார்த்துச் சம்பளம் உயர்த்தும் தொழிற்சாலை அபூர்வம். கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால் அதற்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். யுஜிசி 2022-ல் கொண்டுவந்த 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' பதவிக்குக் குறைந்தது 15 வருட அனுபவம் வேண்டும், பிஎச்.டி. தேவையில்லை. அதிகபட்சம் நான்கு வருடம்தான், நிரந்தர வேலை அல்ல. அந்தப் புயல் கேள்வி ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் மட்டும் மனைவியிடம் போய் அதைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளைத் தரப் போகிறவர் அவர்தானே.

கே: அரியாங்குப்பத்தில் இருக்கிறேன், வங்கி அதிகாரி. இரண்டும் சின்னப் பிள்ளைகள். பிஎச்.டி.யில் சேர்ந்தால் எத்தனை வருடம் வரை இழுக்கலாம்?
– வாசகி, புதுச்சேரி

ப: சேர்வதற்கு முன்பே இழுப்பதைப் பற்றிக் கேட்கும் தைரியம் பிடித்திருக்கிறது! பொதுவாக ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு தரலாம். ஆக மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை கேட்கலாம். ஆனால் கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதை விசாரித்துவிட்டுச் சேருங்கள். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. நான்கு வருடம் மீதம் இருப்பவர் எடுக்கலாம், நீங்கள் பாதி வழியில் இருக்கும்போது அவர் வழியனுப்பு விழா மாலையோடு நிற்பார்.