பிரிஸ்பேனில் 1920களில் கட்டிய வெறும் பலகை வீட்டுக்கு என்ன பாரம்பரிய மதிப்பு? ஏன் இடிக்க விடுவதில்லை?

'வெறும் பலகை வீடு' என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் புதுமனை புகுவிழா அன்று சித்தப்பாவும் இதையேதான் சொன்னார். சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பணம் கொடுத்துப் பலகை வீடா வாங்கினே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

நீங்கள் மனைக்காக வாங்கியிருப்பீர்கள், இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். பிரிஸ்பேனின் ஆனர்லி பகுதியில் நான் வாங்கியதும் அதே கணக்கில்தான். விதி தெரிந்தபோது எனக்கும் கோபம் வந்தது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்: பாரம்பரியப் பட்டியல் வேறு, பழைய தெருக்களின் தோற்றத்தைக் காக்கும் மாநகராட்சி விதி வேறு. உங்கள் வீடு பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும். அந்தப் பகுதிகளில் 1946 வரை கட்டிய வீட்டை அனுமதி இல்லாமல் இடிக்க முடியாது. உள்ளே சமையலறையை மாற்றிக்கொள்வதை அது தடுப்பதில்லை.

சரி, மதிப்பு எங்கே இருக்கிறது? 1909இல் குயின்ஸ்லாந்து அரசு, குறைந்த சம்பளக்காரர்கள் சொந்த வீடு கட்டக் கடன் கொடுக்க ஒரு சட்டம் போட்டது. அந்தத் திட்டத்தில் 1910இல் பிரிஸ்பேனின் நண்டா பகுதியில் கட்டிய முதல் வீடு இன்று மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அது மாளிகை இல்லை, சின்ன மர வீடு. டிராம் போன தடமெல்லாம் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக எழுந்தன. டிராம் 1969இல் நின்றுவிட்டது, வீடுகள் நிற்கின்றன. கூலிக்காரரும் குமாஸ்தாவும் கடனை அடைத்துச் சொந்தமாக்கிய வீடுகள் இவை. பணக்காரர் வீட்டைக் காப்பாற்ற எப்போதும் ஆள் இருக்கும். இவற்றுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் என் மனதை மாற்றியது இந்த வரலாறு இல்லை. வீட்டுக்கு ஸ்டம்ப், அதாவது வீட்டைத் தாங்கும் கால்கள், மாற்ற வேண்டி வந்தது. உங்கள் வீடும் தரையிலிருந்து தூக்கி, கட்டைக் கால்கள்மேல்தான் நிற்கும். ஆட்கள் வந்து ஜாக்கி கொடுத்து, மொத்த வீட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, உளுத்த கால்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அப்போது அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஓவர்சியர். டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் புகுந்தவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு கால் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு தகரம் கவிழ்த்திருக்கும். அது கரையானைத் தடுத்து நிறுத்தும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாதான் விளக்கினார்: "தாண்டாதுன்னு இல்லடா. தாண்டணும்னா தகரத்தைச் சுத்தி வெளியில மண் குழாய் கட்டணும். கட்டினா நம்ம கண்ணுல பட்டுடும்." அன்று ராத்திரி சித்தப்பாவுக்கு அவரே போன் போட்டு, "தம்பி, இது யோசிச்சுக் கட்டின வீடுப்பா" என்றார்.

வராந்தா பக்கச் சுவரையும் பாருங்கள். ஒற்றைப் பலகைதான், சட்டங்கள் வெளியிலேயே தெரியும். அரைகுறை வேலை என்று நினைக்காதீர்கள். வராந்தாக் கூரை மழையை மறைப்பதால் அங்கே இன்னொரு பலகை தேவைப்படவில்லை. மெல்லிய சுவர் என்பதால் பகல் சூடும் ராத்திரியில் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

கடன் இல்லாதவன் பேசும் பேச்சு என்று யாராவது கீழே எழுதலாம். எனக்கு இன்னும் பத்தொன்பது வருடக் கடன் பாக்கி இருக்கிறது. வெயில் காலத்தில் பகலில் உள்ளே வேகும், பெயின்ட் செலவு ஓயாது. எல்லாம் உண்மை. எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் தாத்தாவின் ஓட்டு வீட்டைப் பெரியப்பா பிள்ளைகள் இடித்தபோது எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூண்களும் நிலையும் லாரியில் ஏறிப் போன பிறகுதான் சொன்னார்கள். நான் விளையாடிய முற்றத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அதற்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்று அங்கே யாரும் கேட்கக்கூட இல்லை. நீங்கள் கேட்கவாவது செய்கிறீர்கள்.

குழந்தை இருந்தால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். 1904இலேயே லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், பிரிஸ்பேன் குழந்தைகளின் ஈய நச்சுக்கு வராந்தாக் கிராதியில் உதிரும் பெயின்ட்தான் காரணம் என்று எழுதினார். சோதித்துப் பார்க்காமல் உலர்ந்த பெயின்ட்டைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தூசிதான் ஆபத்து. நாங்கள் தெரியாமல் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேய்த்துவிட்டோம். பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை என் மனைவி தூங்கவில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை.

இடிக்க விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு அடியில் போய்ப் பாருங்கள். ஆனர்லி பக்கம் என்றால் எழுதுங்கள், டார்ச்சோடு நானே வருகிறேன்.