கட்டடக்கலை கற்க ஐரோப்பா போகிறேன், எப்படித் திட்டமிடுவது?

பத்து நாளில் ஐந்து நகரங்கள், பழைய கட்டடங்களையும் நவீனக் கட்டடங்களையும் பார்த்துப் படிக்க வேண்டும், எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஐந்து நகரங்களை இரண்டாகக் குறையுங்கள். ஒரு கட்டடத்துக்கு அரை நாளாவது கொடுக்காவிட்டால் கையில் மிஞ்சுவது புகைப்படம்தான்.

பழையது ஒரு நாள், புதியது ஒரு நாள் என்றும் பிரிக்காதீர்கள். ஒரே சிக்கலைத் தீர்த்த பழையதையும் புதியதையும் ஜோடி சேருங்கள். ரோம் இதற்கு மிக வசதியான ஊர். அங்கே கி.பி. 126 வாக்கில் முடிந்த பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனின் உள் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் திறப்பு வரை உயரமும் அதேதான். கட்டடக்கலைஞர் விட்டெல்லோட்சியும் பொறியாளர் நெர்வியும் வடிவமைத்து 1957-இல் முடிந்த பலாட்செட்டோ டெல்லோ ஸ்போர்ட் விளையாட்டரங்கின் குவிமாட விட்டம் சுமார் 60 மீட்டர். இரண்டும் கான்கிரீட். இரண்டுக்கும் ஒரே தொல்லை: குவிமாடம் தன் எடையாலேயே அடிப்பகுதியில் வெளிப்பக்கம் தள்ளும். பாந்தியன் அதைச் சுமார் 6 மீட்டர் தடித்த சுவரின் பாரத்தால் அடக்குகிறது. கலவையிலும் கீழே கனமான கல், உச்சியில் இலேசான எரிமலை நுரைக்கல். நெர்வியோ கவட்டை போல் பிரிந்த 36 சாய்ந்த கால்கள் வழியாக அந்தத் தள்ளலை நிலத்தடி வளையத்துக்கு இறக்கிவிட்டார். அந்தக் கால்கள் வெளியிலேயே நிற்பதால் அரங்கு பூட்டியிருந்தாலும் படிக்கலாம். பாந்தியன் இன்றும் தேவாலயம், வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்; காலையில் திறந்ததும் போங்கள்.

ஏ5 நோட்டு, 2பி பென்சில், 5 மீட்டர் டேப் போதும். இரண்டு குவிமாடங்களையும் 1:500 அளவில் எதிரெதிர்ப் பக்கங்களில் வரையுங்கள்: ஒன்று 8.7 செ.மீ., மற்றது 12 செ.மீ. வரும். 1:200 எடுத்தால் பாந்தியனே 21.7 செ.மீ. ஆகி நோட்டில் அடங்காது. அழகான தோற்றத்தை விட்டுவிட்டு, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டினால் தெரியும் படமான செக்‌ஷனில் தொடங்குங்கள்; எடை எந்த வழியாகத் தரைக்கு வருகிறது என்று முடிவு செய்யாமல் செக்‌ஷன் வரையவே முடியாது. பாந்தியன் குவிமாடத்தின் உட்பக்கத்தில் உள்ள சதுரக் குழிப்பெட்டிகளை எண்ணுங்கள்: ஐந்து வரிசை, வரிசைக்கு 28. கீழே சுவரில் வாசலையும் சேர்த்து எட்டு மாடங்கள். 28 எட்டால் வகுபடாது, அதனால் மேலும் கீழும் எல்லா இடத்திலும் நேர்க்கோட்டில் வராது. படம் எடுத்துவிட்டு நகர்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை; வரையத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் இது இடிக்கும்.

புறப்படும் முன்பே 20 மீட்டர் தூரத்தை மூன்று முறை நடந்து, உங்கள் காலடியின் சராசரியை எடுத்து வையுங்கள். உயரத்துக்குப் பத்துச் செங்கல் வரிசையை டேப்பால் அளந்து, மீதியை எண்ணிப் பெருக்கலாம். லேசர் அளவியை நம்பிப் போகாதீர்கள்: வெயிலில் புள்ளி தெரியாது, கண்ணாடியில் கதிர் ஊடுருவித் தப்பான அளவைக் காட்டும். போனின் வைட் லென்ஸ் ஓரத்தூண்களைச் சாய்த்துவிடும். வரைந்த பிறகு படம் எடுங்கள்.

காலக்கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாந்தியன் முகப்பில், கி.மு. முதல் நூற்றாண்டுத் தளபதி அக்ரிப்பா கட்டியதாகப் பொறித்திருக்கும். செங்கல் முத்திரைகளோ ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்திய பேரரசர் ஹேட்ரியன் காலத்தைக் காட்டுகின்றன. பார்சிலோனாவில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் பெவிலியன் (கண்காட்சி மண்டபம்) 1929-இல் கட்டி 1930-இல் பிரித்தது. இன்று நிற்பது 1986-இல் முடிந்த மறுகட்டுமானம். சிலுவை வடிவ எட்டு எஃகுத் தூண்களுக்கும் சுவருக்கும் உள்ள உறவைத் தாராளமாகக் கற்கலாம். 1920-களின் பொருட்கள் எப்படி மூப்படைகின்றன என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

அன்றிரவே மை ஏற்றுங்கள். கண்ணால் பார்த்ததை முழுக்கோடாகவும், நெர்வியின் நிலத்தடி வளையம் போல ஊகித்ததைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் அதே இடத்துக்குப் போய், புள்ளிக்கோடுகளில் எவற்றை முழுக்கோடாக்க முடிகிறது என்று பாருங்கள்.