ஸ்பான்சர் கேட்டுப் போகும் முன்: ரேஸ் ஓட்டுநர்களின் கேள்விகள்

கேள்வி: சொந்தப் பணத்தில் இரண்டு சீசன் ஓட்டிவிட்டேன். இனி கட்டுப்படியாகாது. 50 பெரிய நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. என் ரேஸ் முடிவுகள் போதாதா?

பதில்: முடிவுகள் மீது பழி போடாதீர்கள். இப்படிப்பட்ட மடல்களில் பெரும்பாலானவை ‘சிறு வயது முதலே ரேஸ் என் கனவு’ என்றுதான் தொடங்குகின்றன. பணம் கொடுப்பவர் வாங்குவது விளம்பரம். உங்கள் கனவால் அவர் கடைக்கு ஆள் வருமா என்பதே அவர் கணக்கு. பெரிய நிறுவனத்தின் பொது முகவரிக்கு அனுப்பினால், முடிவெடுப்பவர் கண்ணில் அது படுவதே அபூர்வம். பட்டாலும் அந்த ஆண்டின் விளம்பரப் பணம் எப்போதோ ஒதுக்கப்பட்டிருக்கும்.

முதலாளியே முடிவெடுக்கும் இடங்களாகப் பத்தைத் தேர்ந்தெடுங்கள்: டயர் கடை, உதிரிபாகக் கடை, பெயின்ட் பட்டறை, டிரைவிங் ஸ்கூல், ஜிம். கார் சம்பந்தப்பட்ட தொழிலாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சீசனுக்கு 4 முதல் 6 மாதம் முன்பே நேரில் போங்கள். முதல் சந்திப்பில் தொகையைப் பேச வேண்டாம். ‘புது வாடிக்கையாளர்கள் உங்களிடம் எப்படி வருகிறார்கள்?’ என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். வார நாட்களில் கடை காலியாக இருக்கிறது என்பாரானால், அந்த நாட்களில் உங்கள் காரைக் கடை வாசலில் நிறுத்தலாம். வேலைக்கு நல்ல மெக்கானிக் கிடைப்பதில்லை என்பாரானால், அவரிடம் வேலை பார்க்கும் பையன்களைப் பந்தய நாளில், கார்களைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குள் அழைத்துப் போகலாம். நீங்கள் விற்க வேண்டிய சரக்கு அவர் பதிலில்தான் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, அவர் சொன்னதற்குப் பதிலாக இரண்டு பக்கத் திட்டத்தோடு திரும்பிப் போங்கள். இருபது பக்கம் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை.

கேள்வி: எவ்வளவு கேட்பது? சீசன் செலவு முழுவதையும் கேட்கலாமா?

பதில்: செலவு வேறு, விலை வேறு. நுழைவுக் கட்டணம், டயர், பிரேக் பேட், ஆயில், எரிபொருள், காரை ஏற்றிச் செல்லும் வண்டி, தங்கல், லைசென்ஸ், மருத்துவச் சோதனை எல்லாவற்றையும் எழுதுங்கள். பலர் மறப்பது இன்ஜின், கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிபார்க்கும் செலவையும் மோதல் சேதத்தையும். இவற்றுக்கென்று மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். இந்தப் பட்டியல் உங்களுக்கு மட்டும்தான். ஸ்பான்சரிடம் காட்டினால், ‘டயரைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று பேச்சு திசைமாறும்.

விலையை அவருக்குக் கிடைப்பதை வைத்துச் சொல்லுங்கள். அவர் இப்போது பலகைக்கோ பத்திரிகைக்கோ கொடுக்கும் தொகைதான் அளவுகோல். பானெட்டும் இரு கதவுகளும் முதன்மை ஸ்பான்சருக்கு. பின் பம்பர், பின் சக்கரத்துக்கு மேலுள்ள இடம் சிறியவர்களுக்கு. பணத்துக்குப் பதில் பொருள் தருகிறேன் என்றால் ஒரே சோதனை: அதை எப்படியும் கடையில் வாங்கியிருப்பீர்களா? ஒரு செட் டயர் என்றால் அது பணத்துக்குச் சமம். ஐம்பது தொப்பிகளை வைத்து நுழைவுக் கட்டணம் கட்ட முடியாது.

கேள்வி: காரில் லோகோவை எங்கே, எந்த அளவில் ஒட்டலாம்?

பதில்: முதலில் உங்கள் போட்டித் தொடரின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். கார் எண்ணுக்கும், போட்டி நடத்துபவரின் கட்டாய ஸ்டிக்கர்களுக்கும் ஒதுக்கிய இடம் உங்களுடையது இல்லை. அதை விற்றுவிட்டு, போட்டிக்கு முன் காரைப் பார்க்கும் தொழில்நுட்பச் சோதனையில் கதவு ஸ்டிக்கரைப் பிய்த்துக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். தொடரின் அதிகாரபூர்வ டயர், ஆயில் நிறுவனங்களுக்குப் போட்டியான பெயர்களுக்குத் தடை உண்டா என்றும் பாருங்கள். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் பொது விதிப்படி முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் அதிகபட்சம் 10 செ.மீ., பின்கண்ணாடியில் பார்வையை மறைக்காமல் 8 செ.மீ. பட்டைக்கு மட்டுமே அனுமதி.

அளவுக்கு, பலகை எழுதுபவர்களின் கணக்கு உதவும்: 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. எழுத்து உயரம். 30 மீட்டர் தள்ளி நிற்பவர் படிக்க 25 செ.மீ. வேண்டும். அது நிற்கும் காருக்கான கணக்கு. ஓடும் காரில் மெல்லிய எழுத்தும் தொலைபேசி எண்ணும் வீண். கடைப் பெயர் ஒன்று, தடித்த எழுத்தில், போதும். லோகோவை, எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வெக்டர் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். விசிட்டிங் கார்டைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் விளிம்பெல்லாம் பல்பல்லாக வரும்.

கதவு போன்ற தட்டையான இடத்துக்குச் சாதாரண வினைல் ஸ்டிக்கர் தாள் போதும். பம்பர் வளைவில் அது நாளடைவில் சுருங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். அங்கே வளைவோடு படியும், அவ்வளவாகச் சுருங்காத காஸ்ட் வினைல்தான் நிற்கும். ஒட்டுமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மெழுகை முழுக்க எடுங்கள். கழற்றும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி மெதுவாக இழுத்தால் பெயின்ட் பிழைக்கும்.

கேள்வி: ரேஸ் சூட்டிலும் பெயர் தைத்துக் கொடுக்கலாமா?

பதில்: தைக்கலாம், தெருமுனைத் தையற்கடையில் அல்ல. ஊசி வெளி அடுக்கோடு நிற்க வேண்டும். உள் அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தால் வெப்பத் தடுப்பு குறையும். நூலும் பேட்ஜின் அடித்துணியும் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டில் பெயின்ட் அடிக்கவோ ஸ்டிக்கர் ஒட்டவோ தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள். சில பெயின்ட்களும் பசைகளும் கூட்டைப் பலவீனமாக்கும்.

கேள்வி: தெரிந்தவர்தான். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா?

பதில்: தெரிந்தவர் என்பதால்தான் வேண்டும். ஒரு பக்கம் போதும். எத்தனை போட்டிகள், லோகோ எங்கே, என்ன அளவில், பணம் எப்போது (கையெழுத்தின்போது பாதி, முதல் போட்டிக்கு முன் மீதி), போட்டி ரத்தானால் அல்லது கார் நொறுங்கி ஓட முடியாமல் போனால் என்ன, அதே தொழிலில் இன்னொருவரைச் சேர்க்கலாமா: இவை அதில் இருக்கட்டும். ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதாமல் ‘விளம்பரக் கட்டணம்’ என்று எழுதுங்கள்; வரிக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வாடிக்கையாளர்களைப் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாய்தவறியும் எழுதாதீர்கள், டிராக்கின் அனுமதியும் காப்பீடும் கையில் வரும்வரை.

கேள்வி: முதல் ஆண்டு தந்தவர் இந்த ஆண்டு மறுத்துவிட்டார். கோப்பைகூட வாங்கினேனே?

பதில்: கோப்பை வாங்கியதை அவரிடம் எப்போது சொன்னீர்கள்? சீசன் முடிந்து, அடுத்த காசோலை கேட்கும்போது என்றால் விடை அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு போட்டி முடிந்த மூன்று நாளுக்குள் ஒரு பக்கம் அனுப்புங்கள்: என்ன நடந்தது, உங்கள் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள், கடைப் பெயர் தெளிவாகத் தெரியும் இரண்டு படங்கள். படமெடுக்க வரும் நண்பரிடம் சொல்லுங்கள்: கார் பக்கவாட்டில் கடக்கும் இடத்தில் நின்று, ஷட்டர் வேகத்தை 1/125 அல்லது 1/250 வினாடியில் வைத்து, காரோடு கேமராவையும் திருப்ப வேண்டும். பின்னணியும் சக்கரமும் கலங்கி, கதவில் உள்ள பெயர் மட்டும் கூர்மையாக நிற்கும். அதில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கடைச் சுவரில் மாட்டச் சொல்லிக் கொடுங்கள். கடைசியிடத்தில் முடித்த போட்டிக்கும் ஒரு பக்கம் போக வேண்டும், கிளட்ச் போனது என்றால் கிளட்ச் போனது என்றே எழுதி.