பனையோலை முடையும் பெண்கள் குழுக்களுக்கு: கேள்வி பதில்

கிராமத்துப் பெண்களுக்குப் பனையோலைப் பெட்டி, கொட்டான் (சிறு ஓலைக்கூடை) முடையப் பயிற்சி தருபவர்களும் குழுத் தலைவிகளும் கேட்டவை, அவற்றுக்கான பதில்கள்.

அக்கா, 15 பேருக்குப் பயிற்சி தொடங்குகிறோம். முதல் நாளே முடையச் சொல்லித் தரலாமா?

வேண்டாம். முதல் மூன்று, நான்கு நாள் ஓலை வார்வது, அதாவது ஓலையை நீளக் கீற்றுகளாகக் கிழிப்பது மட்டும் போதும். அந்தக் கீற்றுதான் வார். ஓலையின் நடு நரம்பான ஈர்க்கை நீக்கிய பிறகு வார் முழுக்க ஒரே அகலமாக வரவேண்டும். நேர்ப்பின்னலில் 1 செ.மீ. வார் நெடுக்கே 12, குறுக்கே 12 வைத்தால் அடி 12 செ.மீ. சதுரமாக வரும். ஒருவர் 1.1 செ.மீ. அகலத்துக்கு வார்ந்துவிட்டால் அதே எண்ணிக்கையில் 13.2 செ.மீ. ஆகிவிடும்; ஒருவர் பெட்டிக்கு இன்னொருவர் மூடி சேராது. பெரிய ஆர்டர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். கண்ணளவை நம்பாதீர்கள். ஒரு மரக்கட்டையில் இரண்டு பிளேடுகளை 1 செ.மீ. இடைவெளியில் பதித்து, ஓலையை அதன் வழியே இழுக்கச் சொல்லுங்கள். மூடியை மட்டும் பெட்டியையே அச்சாக வைத்து முடைய வேண்டும்.

சொல்லித்தர ஊரிலேயே முடையத் தெரிந்த மூத்த பெண்களை அழையுங்கள். அவர்களுக்குப் பொன்னாடை போதாது, நாள் சம்பளம் கொடுங்கள்.

முடைந்த பெட்டி ஒரு வாரத்தில் தளர்ந்து, கண்கண்ணாக இடைவெளி விழுகிறதே?

ஓலையில் ஈரம் அதிகம். நனைந்த ஓலை உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கும். தண்ணீரில் ஊறப்போடாமல், ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுங்கள்; மடித்தால் ஒடியாத பதம் வந்தால் போதும். அடிப்பகுதி முடிந்ததும் ஒரு நாள் நிழலில் காயவிட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒவ்வொரு வாரையும் இழுத்து இறுக்கிய பிறகே சுவரை எழுப்புங்கள். அவசர ஆர்டர் என்று இந்த ஒரு நாளை விடுகிறவர்கள்தான் அதிகம்.

சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது.

ஓலைக்கட்டை இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். தளர்த்திக் கட்டுங்கள். சாயப்பொடியைச் சிறிது வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிய பிறகே கொதிநீரில் ஊற்றுங்கள். கரையாத பொடிதான் புள்ளியாக நிற்கும். அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். ஈர வெள்ளைத்துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டக்கூடாது. கையுறை, முகக்கவசம் கட்டாயம். சாயப் பாத்திரம் சமையலறைப் பக்கமே போகக்கூடாது.

மழைக்காலத்தில் பூஞ்சை?

முழுக்கக் காயாத ஓலையையும் பெட்டியையும் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். தரையிலிருந்து உயரத்தில், காற்றோட்டமாக வையுங்கள்.

ஒரு பெட்டிக்கு என்ன விலை வைப்பது?

இதைச் சொல்லித்தராத பயிற்சி அரைப் பயிற்சிதான். பெட்டிக்கு 3 மணி நேரம் ஆகிறது, மணிக்கு ரூ.50 கூலி என்று வையுங்கள்: கூலி ரூ.150. ஓலை, சாயம் ரூ.30. சேதாரம், போக்குவரத்து ரூ.20. அடக்கம் ரூ.200. கடை தன் பங்காக 40% கழிவு கேட்டால், பலரும் 200-உடன் 40% கூட்டி ரூ.280 என்று எழுதுகிறார்கள். கடை கழிப்பது விற்பனை விலையில். 280-ல் 112 போனால் கையில் 168தான். கூலியில்தான் ரூ.32 குறைகிறது. 40% போக உங்களுக்கு மிஞ்சுவது 60%; அதனால் 200-ஐ 0.6-ஆல் வகுங்கள்: விற்பனை விலை ரூ.333. இந்தக் கணக்கைக் குழுத் தலைவி மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, முடைகிற ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓலை வார்ந்து ஈர்க்கு நீக்கும் நேரமும் அந்த 3 மணியில் அடக்கம் என்று அழுத்திச் சொல்லுங்கள். அதை வேலையாகவே பெண்கள் எண்ணுவதில்லை.

எங்கள் பெட்டியைச் 'செட்டிநாடு கொட்டான்' என்று விற்கலாமா?

கூடாது. அது புவிசார் குறியீடு பெற்ற, அந்த வட்டாரப் பொருளுக்கு மட்டுமே உரிய பெயர். உங்கள் ஊர்ப் பெயரில் விற்பதே சரி.

கடன் கிடைக்குமா?

கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிரம்பியவர்களுக்கு ரூ.3 லட்சம் வரை கடன் உண்டு. 25% மானியம், உச்சவரம்பு ரூ.50,000. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆர்டர் கைக்கு வருமுன் கடன் வாங்க வேண்டாம்.

பாதியில் நின்றுவிடுகிறார்களே?

பயிற்சி நேரத்தைப் பாருங்கள். காலை 9 முதல் மாலை 5 வரை என்றால் கைக்குழந்தைக்காரியால் வரமுடியாது. அரைநாள் வகுப்பாக்கி, பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை அமர்த்துங்கள். விற்கும் தரத்தில் முதல் பெட்டி வந்ததும் அதற்கான பணம் அந்த வாரமே, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஏறட்டும். கணவர் கணக்கில் போட வேண்டாம்.