பேஸ்பாலில் அம்பயரிடம் வாக்குவாதம் செய்தால் ஏன் வெளியே அனுப்புகிறார்கள்?

அம்பயர் ஒருவரை அந்த ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடுவதுதான் எஜெக்‌ஷன். அப்புறம் அன்று அவர் திரும்ப வர முடியாது, அணியினர் உட்காரும் இடமான டக்அவுட்டில் இருக்கவும் கூடாது.

பெரும்பாலும் சண்டை வருவது பால், ஸ்ட்ரைக் தீர்ப்புகளில்: பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து சரியான எல்லைக்குள் வந்தால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். பேட்டர் நிற்கும் இடத்தை ஒட்டித் தரையில் பதித்த, 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே அது போனதா என்று அம்பயர் அந்த நொடியே சொல்ல வேண்டும். தவறு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு ஆட்டத்தில் சுமார் 300 பந்துகள் வீசுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் பேச்சு வளர்ந்தால் ஆட்டம் நகராது. அதனால் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் விதி இவற்றை எதிர்த்து வாதாடுவதையே தடுக்கிறது. கூட்டமான காய்கறிக் கடையில் ஒருவர் ஒவ்வொரு எடைக்கும் தராசைச் சந்தேகப்பட்டு நின்றால் பின்னால் நிற்பவர்கள் கதி என்ன? அதேதான்.

முணுமுணுத்தால் பல அம்பயர்கள் விட்டுவிடுவார்கள். நேரடியாகத் திட்டினாலோ, பந்து இங்கேதான் போனது என்று மட்டையால் மண்ணில் கோடு கிழித்தாலோ விடமாட்டார்கள். அத்தனை பேர் முன்னால் கோடு கிழிப்பது அவமானப்படுத்துவது, அதைப் பொறுக்காதது சரி என்றே நினைக்கிறேன். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் மேலாளராக இருந்த பாபி காக்ஸ் 150 தடவைக்கும் மேல் வெளியேற்றப்பட்டவர்.

பலர் நினைப்பது போல இது கால்பந்தின் சிவப்பு அட்டை அல்ல: அணி ஒரு ஆள் குறைந்து ஆடாது, மாற்று வீரர் உடனே இறங்குவார்.