மறு: அயன் உந்துபொறி – கிரிட்டின் வெளிமுகத்தில் பள்ளம் விழவில்லை
வணக்கம் தம்பி. செனான் அயனிகளை வீசி விண்கலத்தைத் தள்ளும் அயன் உந்துபொறியின் கணினி மாதிரியில், அயனிகளை முடுக்கும் துளைத் தகடான ஆக்சிலரேட்டர் கிரிட்டின் துளைச் சுவர் தேய்கிறது, வெளிமுகத்தில் மட்டும் பள்ளமே விழவில்லை, ஏன் என்று சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருந்தீர்கள். கிரிட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டரோடு கணக்கை நிறுத்தியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். அந்தப் பள்ளத்தைத் தோண்டும் அயனிகள் சில சென்டிமீட்டர் தள்ளிக்கூடப் பிறக்கும். வேகமாகப் போகும் செனான் அயனி, மெதுவான செனான் அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். மிஞ்சும் மந்த அயனியை எதிர்மின்னழுத்தத்தில் உள்ள கிரிட் பின்னுக்கு இழுத்து மோதவிடும். எல்லையை 50 மில்லிமீட்டருக்காவது நீட்டுங்கள்.

ஒற்றைத் துளையை மட்டும் எடுத்து, அதன் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றே என்று கொள்ளும் அச்சுச் சமச்சீர் மாதிரியும் போதாது. மூன்று துளைகளுக்கு நடுவே குழி, இரண்டுக்கு நடுவே வாய்க்கால்: நாசாவின் என்ஸ்டார் பொறி 30,352 மணி நேரம் ஓடிய சோதனையில் கண்ட இந்த வடிவம் முப்பரிமாணத்தில்தான் வரும். தரையில் உள்ள வெற்றிடச் சோதனை அறையில் எடுத்த படத்தோடு ஒப்பிடுவதென்றால் அறையில் தங்கும் செனான் அடர்த்தியையும் கட்டாயம் சேருங்கள். அதற்குப் பதில் விண்வெளிக்கான அடர்த்தியைப் போட்டால் தேய்மானம் குறைவாகவே காட்டும். ஓடவிட்டுப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.